ஜிமிக்கி வராது, கடுதாசி வரும்

கடுதாசியிலேயே காதில் நகை மாட்டிவிடும் இனம் ஒன்று உண்டு. பார்த்திருக்கிறீர்களா? போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் நகைக்கடை வைத்திருக்கும் பக்தவத்சலம் அந்த இனத்தின் தலைமகன். எடை சொல்ல மாட்டார், மாற்றுச் சொல்ல மாட்டார், காகிதத்தில் ஜவ்வாது தடவி, ‘விடியற்காலைப் பனித்துளி போலக் கல் மின்னி, தலையைத் திருப்பினால் தூரத்துக் கோயில் மணி போலக் கிணுகிணுத்து, கன்னத்தில் பட்டால் வெண்ணெயாகக் குளிரும் ஜிமிக்கி, அம்மா, ஒரு ராணி அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தது, உலகத்திலேயே ஒரே ஜோடி, உங்கள் மகளுக்கென்றே காத்திருக்கிறது’ என்று எழுதுவார். எந்த ராணி? ஏன் அழுதாள்? கேட்டால் அதற்கும் ஒரு கதை அடுத்த தபாலில் வரும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கூலியாகக் கப்பலேறி வந்து, மூட்டை மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்தே விட்ட எழுத்தைப் பிடித்து, இந்த லாங் ஐலண்ட் தீவில் மரக் காண்ட்ராக்டராக நிமிர்ந்தவன். இங்கே கடுதாசி வந்தால் படிக்க என்னைத்தான் தேடுவார்கள். பத்து நாளுக்கு ஒரு போட், ஒரே தபால் பை. படகுத்துறையில் நின்று ஜெயமணிக்கு வந்ததை உரக்கப் படித்தேன். கூட்டம் சொக்கிப்போனது. அடுத்து அன்னம்மாள் நீட்டினாள்: அதே பனித்துளி! இந்திராணிக்கும் அதே ராணி, அதே அழுகை!

“அரே, ஒரு ஜோடி எத்தனை காதுக்கய்யா?” என்றாள் இந்திராணி.

ஜெயமணி சிரிக்கவில்லை. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஜிமிக்கி இல்லாமல் தாலி இல்லை என்று போர்ட் பிளேர் பக்கத்துப் பாம்பூஃப்ளாட் சம்பந்தி கறாராகச் சொல்லியிருந்தார்.

அடுத்த போட்டில் பக்தவத்சலமே வந்து இறங்கினார்.

“எங்கண்ணே ஜிமிக்கி?” என்றாள் ஜெயமணி.

“மெயின்லேண்ட்ல இருக்கும்மா. அது மேல நிலா பட்டா எப்படின்னா...”

“நிலாவை நீங்களே வச்சுக்குங்க. சம்பந்திக்கு நான் என்ன சொல்ல?”

அக்கரை மெயின்லேண்டிலிருந்து கல்யாணத்துக்குள் கப்பல் கிடையாது. யோசனை யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான். “இல்லாத ஜிமிக்கிக்கு இவ்வளவு எழுதினீரே, இருக்கிற காதுக்கு எழுதமாட்டீரா?” என்றேன். வெட்டிப் போட்டிருந்த மரத்தின் மேல் அவரை உட்கார வைத்தோம். மனிதர் கண்ணை மூடினார், மூக்கை உறிஞ்சினார், சம்பந்திக்கு எழுதினார்: கல்யாணப் பெண்ணுக்கு மழை விட்ட காட்டில் முதல் குருவிச் சத்தம் கேட்கிற காதாம், பொன்னே அதைப் பார்த்து வெட்கப்படுமாம்.

பாம்பூஃப்ளாட்டிலிருந்து பதில் வந்தது: ‘அந்தக் காதில் எதையும் தொங்கவிட்டுக் கெடுத்துவிடாதீர்கள். பெண்ணை மட்டும் அழைத்து வாருங்கள்.’

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கு வந்த கடுதாசியையும் இப்போதுதான் படித்தேன். ஒழுகுகிற தகரக் கொட்டகையைக் ‘கடலைப் பார்த்த பங்களா’ என்று ஊருக்கு எழுதினீர்களே, அதைப் படித்த உங்கள் மைத்துனர் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டாராம்.