மீன்கொத்திக் கதையின் மீதிப் பாதி

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. உங்கள் மின்விசிறிக் கடையும் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகள் மட்டும் என் வேலைச் சட்டையைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுகமாக இருக்கிறாள்.

எல்லாம் ஒரு பெயரால் வந்த வினை. நான் எஞ்சின் பார்க்கும் படகுக்குப் புதுச் சாயம் அடித்து 'ஹால்சியன்' என்று எழுதினார்கள். அர்த்தம் என்னவென்று கேப்டனிடம் கேட்டேன். கிரேக்கப் புராணத்து மீன்கொத்தியாம். அது கடல்மேல் கூடு கட்டும் குளிர்கால நாட்களில் அலையே அடிக்காதாம். அதனால் நிம்மதியான காலத்துக்கு இங்கிலீஷில் அந்தப் பெயராம். கேட்டதும் சொக்கிப்போனேன். அன்று முழுக்க எஞ்சின் சத்தமே காதில் விழவில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்க, நடுவில் ஒரு பறவை கண்மூடி உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தது. மாசமாக இருக்கிறவளுக்கு இதைவிட நல்ல கதை ஏது என்று சாப்பிடும்போது எடுத்துவிட்டேன். என் கெட்ட நேரம், முதலிலிருந்து தொடங்கினேன். "ஒருத்தி இருந்தா. அவ அப்பா காத்துக்கெல்லாம் ராஜா. புருஷன் கப்பல்ல கிளம்பினான். போகாதேன்னு அழுதா, கேக்கல. புயல்ல மூழ்கிட்டான்." அவ்வளவுதான் மாமா, தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "இன்னும் கதை இருக்கு, ரெண்டு பேரையும் சாமி பறவையாக்கிடும்"னு கதவுக்கு வெளிய நின்னு கத்தறேன், "றெக்கை முளைச்ச புருஷன் எனக்கு வேணாம்"னு உள்ளேருந்து பதில் வருது. இந்த வாரம் வேலைக்குப் போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நீங்க சொன்னாதான் கேப்பா. ஒரு நடை வந்து மீதியைச் சொல்லிட்டுப் போங்க. மீன்கொத்தியான மக கூடு கட்டறான்னு அந்த அப்பா காத்தையெல்லாம் உள்ள போட்டுக் கதவைச் சாத்திடுவார். காத்து விஷயம் உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் கடை விசிறிகள் எல்லாம் சத்தமில்லாமல் சுற்றட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கரையில் நிற்கும் மருமகன்

பி.கு.: நான் உறை தேடப்போன நேரத்தில் அவள் இதைப் படித்துவிட்டாள். பிறகு, "அந்த அப்பா காத்தைக் கட்டினது புருஷன் செத்த பிறகுதானே? முன்னாடியே கட்டியிருக்கலாம்ல?" என்றாள். "இனி உங்க இஷ்டம்" என்று சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை மாமா. நீங்கள் வர வேண்டாம், நாங்களே அங்கே வருகிறோம். கடையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.