அழுத பந்தும் சிரித்த பந்தும்

கால்பந்து ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமையே ஊருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

பச்சைக் கல்லூரியா, மஞ்சள் கல்லூரியா? சட்டை நிறத்தை வைத்து ஊர் அப்படித்தான் கூப்பிடும். சலூனில் பாதி முகத்துச் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து நின்று, மஞ்சள் அணியின் தாக்குதல் வரிசையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த நாற்காலிக்காரர் பச்சை அணியின் தற்காப்பைப் பற்றிப் பதில் சொன்னார். இதுவரை குற்றமில்லை. இரண்டு அணிகளை ஒப்பிட்டுப் பார்க்க மூளை கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அது நம் ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளாத வேலை. அதனால் அந்த வேலையைக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவர் பந்து மகான்.

யார் அந்த மகான் என்று கேட்கிறீர்களா? பந்து பேசுவதைக் கேட்கிறவர். இரண்டு அணிகளின் பயிற்சிப் பந்துகளையும் மேசைமேல் வைத்துக் காது கொடுப்பார். சிரிக்கிற பந்து ஜெயிக்கும், அழுகிற பந்து தோற்கும். பந்தைக் கையால் தொடமாட்டார். தொட்டால் அது வாயை மூடிக்கொள்ளுமாம். பந்து அம்மணமாக இருந்தால் கூச்சப்படுமாம், ஆகவே அணியின் நிறத்தில் துணி உறை போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். உறை அவரிடம் மட்டுமே கிடைக்கும். ரசிகர்கள் ஆளுக்கொரு உறை வாங்கி வாசலில் தொங்கவிட்டால் அவர்கள் அணிக்குப் பலம் கூடும்.

மகான் ஆவதற்கு முன் அவர் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது, சரக்கு மிஞ்சியது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா?

அவர் வாக்கு மூன்று ஆட்டங்களில் பலித்ததை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. பலிக்காத ஐந்தைக் கேட்டால், "அன்னைக்குப் பந்துக்குத் தூக்கக் கலக்கம்" என்பார்கள். ஏன், நானும் யோக்கியன் இல்லை. பச்சைக் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான். என் வீட்டு வாசலிலும் ஒரு பச்சை உறை தொங்கியது.

புதன்கிழமை பச்சைப் பந்து அழுதது.

"ஒரு இடது கை இந்தப் பந்தை நோகடிக்குது. அந்தக் கை ஞாயித்துக்கிழமை இதைத் தொடக் கூடாது" என்றார் மகான்.

கூட்டம் வாயைப் பிளந்தது. பச்சை அணியின் கோல்கீப்பர் இடது கைக்காரன் என்பது ஊரில் பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும். மகானுக்கு மட்டும் பந்து சொல்லித்தான் தெரிந்ததாம்!

அந்தப் பையனை 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடுவோம். நெட்டையன், ஒல்லி, எந்த மூலைக்கும் கை எட்டும். அவனுக்கு இது கடைசி வருடம். துறைமுக அணிக்கு ஆள் எடுக்க ஒரு அதிகாரி ஞாயிறு ஆட்டத்துக்கு வருகிறார். எடுத்துவிட்டால் அணியிலும் இடம், துறைமுகத்திலும் வேலை. புதன்கிழமை சாயங்காலம் அவனை ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் பயிற்சியாளர். எனக்கு வயிறு எரிந்தது. இருந்தும் வாசலில் தொங்கிய உறையை நான் கழற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பையனுக்கு ஓர் அக்கா. விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் பந்து தைப்பவர். இரண்டு கல்லூரிகளுக்கும் பந்தும் வலையும் பழுதுபார்ப்பது அவர்தான். விஷயம் கேள்விப்பட்டதும் ஊசியும் கையுமாக மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"சார், மஞ்சள்காரங்க பழகுற வலைய நாலு வாரமா நான்தான் தைக்கிறேன். கிழிசல் அத்தனையும் ஒரே மூலையில. கோல்கீப்பருக்கு இடது பக்கம், மேல. அவங்க ஆளு அங்கதான் அடிப்பான். அந்த மூலைக்கு என் தம்பிய விட்டா யாருக்குக் கை எட்டும்?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா பந்து அழுதுச்சே!"

"நீங்க கேட்டீங்களா?"

"எனக்கு எப்படிக் கேக்கும்? அதுக்குன்னு ஒரு காது வேணும்."

"உங்களுக்கு ரெண்டு இருக்கே சார்!"

பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார். வகுப்பில் அவர் இயற்பியல் நடத்துகிறவர். ஒலி எப்படிப் பரவுகிறது என்று கரும்பலகை முழுக்க எழுதி, மனப்பாடம் செய்யாதவனை வெளியே நிறுத்துகிறவர்.

"சரி சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சனிக்கிழமை மகான் கேக்கறப்போ பந்து அழலைன்னா, தம்பியை இறக்குவீங்களா?"

"அழலைன்னா கண்டிப்பா இறக்கறேன்."

அக்கா ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை காலை கல்லூரி அரங்கத்தில் கடைசி ஒப்பீடு. வழக்கம்போல இரண்டு பந்துகளும் முதலில் அக்காவிடம் போயின. காற்றும் தையலும் சரிபார்த்து உறை போட்டு அனுப்புவது அவர் வேலை. கூடையைத் தூக்க என்னைக் கூப்பிட்டார்.

"ஆட்டாமக் கொண்டுவாங்கண்ணே."

"என்ன தங்கச்சி, பச்சைப் பந்து இப்படிக் கனக்குது?"

"அழுது அழுது கனத்திருக்கும்ணே" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். மேடையில் உறை போட்ட இரண்டு உருண்டைகள். மகான் பச்சை உருண்டைக்கு ஒரு சாண் தள்ளிக் காதை வைத்தார். கண்ணை மூடினார். உதடு துடித்தது. கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. என்ன தொழில் பக்தி!

"கதறுது! மூணு வருஷம் இந்த மண்ணுல உதைபட்டது வலிக்கலையாம். அந்த இடது கை பட்டதுதான் வலிக்குதாம்!"

பச்சைப் பக்கம் ஒரே புலம்பல். ஒட்டடைக்குச்சி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். மகான் மஞ்சள் உருண்டைக்குப் போனார். முகம் மலர்ந்தது. மூக்கு விரிந்தது.

"இது சிரிக்குது! ஆஹா, ஒரு வாசம் வேற வருது. வெற்றி வாசம்!"

மஞ்சள் பக்கம் விசில் பறந்தது. அப்போது அக்கா மேடையேறினார்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். பச்சைப் பந்து அழுதது நிச்சயம்தானா?"

"என் காது பொய் சொல்லாதும்மா."

"என் தம்பி கை பட்டது தெரியுதா?"

"விரல் விரலாத் தெரியுது."

அக்கா பச்சை உறையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு முட்டைக்கோசு. நல்ல பெரிய, உருண்டையான, பனித்துளி காயாத முட்டைக்கோசு.

பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"மூணு வருஷம் உதைபட்டதுன்னீங்களே ஐயா, இதை இன்னைக்குக் காலையிலதான் மார்க்கெட்ல வாங்கினேன். என் தம்பி இதைத் தொடலை. அவனுக்கு முட்டைக்கோசே பிடிக்காது."

பிறகு மஞ்சள் உறையை அவிழ்த்தார். பொலபொலவென்று கொட்டின மஞ்சள் அணியின் காலுறைகள். ஒரு வாரம் போட்டுக் கழற்றி, துவைக்காமல் சுருட்டியவை. வெற்றி வாசம் முதல் மூன்று வரிசைகளுக்கு எட்டியது. மூன்று வரிசையும் எழுந்து ஓடியது.

"இது... பந்தோட உயிரு... காய்கறிக்குள்ள புகுந்து..." என்று மகான் இழுத்தார்.

"அப்ப நாளைக்கு முட்டைக்கோச வெச்சு ஆடுங்கடா!" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஒரு பச்சை உறை பறந்துவந்து மகான் தலைமேல் விழுந்தது. அப்புறம் ஒரு மஞ்சள். அப்புறம் கணக்கே இல்லை. விற்ற சரக்கெல்லாம் முதலாளியிடமே திரும்பிவந்தது. அவர் பக்கவாட்டுக் கதவைத் தேடியபோது, வழிகாட்ட எந்தப் பந்தும் முன்வரவில்லை.

அக்கா பயிற்சியாளரிடம் போனார். "சார், பந்து அழலை. பந்து ரெண்டும் கடையில என் மேசைக்கு அடியில கிடக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "தம்பி, நாளைக்கு நீதான்டா கோல்கீப்பர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சை ஒன்று, மஞ்சள் பூஜ்யம். கடைசி நிமிடத்தில் மஞ்சள் அணிக்காரன் அடித்த பந்து இடது மேல் மூலைக்குத்தான் பறந்தது. ஒட்டடைக்குச்சியின் இடது கை அங்கே முன்கூட்டியே காத்திருந்தது. துறைமுக அதிகாரி பையனின் முகவரியை எழுதிக்கொண்டு போனார். நான் கோடு போட்ட மைதானத்தில் நானே குழந்தை மாதிரி அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நமக்கெல்லாம் மரியாதையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம். காலையில் சுண்ணாம்பு வாளியோடு போனேன். அக்கா கோல் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தடியில் ஏதோ உருண்டையாக இருந்தது. முட்டைக்கோசு! அதற்குப் பச்சை உறை வேறு. நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த கம்பத்துக்கு இன்னொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு பயிற்சியாளர் வந்துகொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "போன ஆட்டம் ஜெயிச்சோம் பாருங்க... சும்மா, ஒரு நம்பிக்கைக்குத்தான்மா."

அக்கா கம்பத்தடியில் இருந்ததைக் கையில் எடுத்து உறையைக் கழற்றினார். ஒரு இலையை உரித்தார். இன்னொன்றை உரித்தார்.

"பாருங்க சார். உருவத்துல நம்ம தலை மாதிரியே இருக்கு. ஆனா கடைசி வரைக்கும் உரிச்சாலும் உள்ள வெறும் இலைதான். அதுக்கு யோசிக்க வராது, அது மேல தப்பில்ல. உங்களுக்கு என்ன சார் கேடு?"