எலிக் கோட்டு போட்ட வைரஸும் என் கையெழுத்தும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து யாரும் நலமாக இல்லை. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று முறைப்படி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், ஐந்து வருஷமாக ரெட்ரோவைரஸை ஆராய்ந்து டாக்டர் பட்டத்துக்கு எழுதியது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நேற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் வந்து விழுந்து, "அப்பா, அஞ்சு வருஷமும் போச்சுப்பா" என்றாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால் சொல்கிறாள்: "வைரஸுக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. மேல ஒரு கோட்டு மாட்டியிருக்கு, அதுல புரதம் நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தப் புரதம் பிடிச்சுக்கிற மாதிரி கதவு எந்த செல்லு மேல இருக்கோ, அதுக்குள்ளதான் போகும். கதவு இல்லேன்னா சும்மா மிதக்கும்." அது போகட்டும் அக்கா, இவள் வேலை என்ன தெரியுமா? ஒரு வைரஸின் கோட்டைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவதாம். உள்ளே இருக்கும் சரக்கு அதேதான், கோட்டு மாறினால் புகுகிற செல் மாறிவிடுமாம். பெற்ற அப்பனிடம் இதை ஐந்து வருஷமாகச் சொல்லவில்லை. அது பெருகாத வைரஸ், உள்ளே போனால் செல் பச்சையாக மின்னும், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்வதற்குள் என் மனைவி அவள் கைப்பையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டாள். உள்ளே போன் இருந்தது.

எலிக் கோட்டு போட்ட வைரஸ் எலி செல்லுக்குள் மட்டும்தான் போகும், மனித செல்லில் அதற்குக் கதவே கிடையாது என்பதுதான் இவள் ஆய்வேட்டின் ஆதாரம். நேற்று கடைசிச் சோதனை. மனித செல் என்று லேபிள் ஒட்டிய எட்டுக் குப்பியில் நாலு பச்சைப் பசேல். பேராசிரியர் எல்லார் முன்னாலும், "ஒண்ணு, உலகமே இத்தனை நாள் தப்பா நெனச்சிருக்கு. இல்ல, நீ கோட்டை மாத்திப் போட்டுட்ட. எனக்கு ரெண்டாவதுதான் தோணுது" என்று சொல்லி, கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். குழந்தை ராத்திரி சாப்பிடவில்லை.

இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், லேபிள் எழுதியது யார் என்று அந்த மனுஷர் கேட்டாராம். நான்தான் எழுதினேன். போன மாதம் அங்கே லேபிள் அடிக்கிற மெஷின் பழுதானபோது ஆய்வகத்தின் மொத்தப் பட்டியலையும் கொண்டுவந்து, "உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும்பா" என்று கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம் பதிவறையில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். லேபிள் என்றால் ஒரே வரி. இரண்டாவது வரி ஈரத்தில் அழிந்துவிடும், இல்லாவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள், அதனால் வால் நீண்டால் வெட்டிவிடுவேன். என்னிடம் ஒரு கோப்பு தொலைந்ததில்லை. எனக்குச் சந்தேகம் ஆய்வகத்தில் இவளுக்குப் பக்கத்து மேசைக்காரன் மேல்தான். ஒரு வாரமாகத் தன்னுடைய செல்களைக் காணோம் என்று குளிர்பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறானாம். இவள் குப்பியில் அவன்தான் ஏதோ கலந்திருக்க வேண்டும். அத்தான் வக்கீலாக இருந்தவர், அவனுக்கும் பேராசிரியருக்கும் சூடாக ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு உங்கள் ஆசி இப்போது ரொம்பத் தேவை.

உங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அத்தான் நோட்டீஸ் எழுத ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லவும். ஒட்டுவதற்கு முன் மகள் இந்தக் கடிதத்தைப் படித்தாள். வால் வெட்டுவேன் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தோம். நாலு குப்பிக்கு "மனித செல்" என்றும், பக்கத்து மேசைக்காரனின் நாலு குப்பிக்கு "மனித செல், எலிக் கதவு பொருத்தியது" என்றும் இருக்கிறது. நான் எட்டுக்கும் "மனித செல்" என்றே எழுதியிருக்கிறேன். வைரஸ் கதவு இருந்த நாலில் மட்டும் சரியாகப் போயிருக்கிறது, என் லேபிளை அது படிக்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை அக்கா, சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு மூன்று தட்டு சாப்பிட்டாள். நாளை காலை நானே போய்ப் பேராசிரியரிடம் சொல்லப்போகிறேன். அந்தப் பையனிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த உறை மேல் உங்கள் முகவரியை ஆறு வரியில் எழுதியிருக்கிறேன்.