பெடஸ்டல் நிறுத்தி வைத்த ஃபைல்

மேஜையை மேஜை என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு மனிதனோடு நான்கு நாள் பேசாமல் இருக்கக் கூடியவர் இந்தக் கொல்கத்தாவில் ஒருவர்தான் உண்டு. அவரோடு ஒரே மாடியில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

மத்திய அரசு அலுவலகம் அது. நான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அவர் அங்கே நாற்காலி, தடுப்பு, அலமாரி வகையறாக்களுக்குப் பொறுப்பாளர். என் வயதுதான். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். வாயில் அப்பாவின் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது. என்னோடு பேசும்போது கோபம் வந்தால் மட்டும் வங்காளம். உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. எல்லோருக்கும் அவர் பெடஸ்டல். வங்காளிகள் அண்ணன் என்கிற மரியாதையில் 'பெடஸ்டல்தா' என்பார்கள். வந்த புதிதில், எல்லோரும் அவரிடம் எதையோ தா, தா என்று கேட்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்க் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. "என் டிராயருக்குச் சாவி வேணும்" என்றேன்.

"டிராயர்ங்கது இழுத்தா வருமே, அந்தத் தட்டு சார். அது மூணும் குடியிருக்க பெட்டி இருக்குல்லா, கீழ சக்கரம் வச்சது, அதுக்குப் பேரு பெடஸ்டல். பூட்டு பெடஸ்டலுக்குத்தான். நீங்க எதுக்குச் சாவி கேக்கீய?"

"அந்தப் பெட்டிக்குத்தான்."

"பெட்டின்னா டிரங்குப் பெட்டியா?"

மூன்றாவது நாள், விண்ணப்பத்தில் 'பெடஸ்டல்' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சாவி கிடைத்தது.

இன்னொரு நாள் என் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. போனில் கூப்பிட்டேன். "ரேஸ்வே மூடியத் தொறந்து பாருங்க" என்றார். "ரயில்வேக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. ஐந்து நிமிஷத்தில் ஆளே வந்து, தடுப்புப் பலகையின் அடியில் ஒயர்கள் ஓடும் நீளமான பள்ளத்தைத் திறந்து காட்டினார். "இதான் சார் ரேஸ்வே. இதுக்குள்ளதான் கரண்டு ஓடும். ரெயிலு ஓடாது."

வெளியிலும் அவர் அப்படித்தான். ஒருமுறை லேக் மார்க்கெட்டில் தோசை சாப்பிடப் போனோம். மேஜை லேசாக ஆடியது. அடுத்த நொடி ஆளைக் காணோம். மேஜைக்கு அடியில் போய் எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜை அம்மாள் "ஓ மா கோ!" என்று அலறி, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். பெடஸ்டல் தலையை மட்டும் வெளியே நீட்டி, "பயப்படாதீங்க அக்கா, குறுக்குச் சட்டம் இருக்கான்னு பாத்தேன்" என்று வங்காளத்தில் சமாதானம் சொன்னார். அந்தத் தோசையை நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் ஃபைல் போய் மாட்டியது.

மேல் மாடியைப் புதுப்பிக்க முடிவாகி, நாற்பத்திரண்டு பேருக்கு இருக்கைகள் வாங்கும் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த மாதிரிப் பட்டியலில் 'மாடஸ்டி பானல்' என்று ஒன்று இருந்தது. மாடஸ்டி என்றால் அடக்கம். அடக்கத்துக்கு எதற்குப் பலகை? ஏதோ வெள்ளைக்காரன் காலத்து அலங்காரம் என்று நினைத்து, பேனாவால் ஒரே கோடு. டைப் அடித்து அனுப்பிவிட்டு அந்தக் கோட்டையே மறந்தும் போனேன்.

பத்து நாளாகியும் ஃபைல் பெடஸ்டலைத் தாண்டவில்லை. பட்டியலில் எங்கேயோ 'மேஜைப் பலகை' என்று எழுதிவிட்டேன், 'வொர்க்டாப்' என்று எழுதவில்லை, அதற்குத்தான் பழி வாங்குகிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு முறை என்னைத் தேடி வந்தார். இரண்டு முறையும் காதில் போனை வைத்துக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசினேன். பதினோராவது நாள் அவர் பொறுமையிழந்து, ஹால் நடுவிலிருந்தே சொன்னார்:

"சார், மாடஸ்டி இல்லாம இருக்கது சரியில்ல சார்!"

தமிழ் புரியாவிட்டாலும் 'மாடஸ்டி' புரிந்து ஹாலே திரும்பிப் பார்த்தது. எதிர் சீட்டில் ஒருவர் டீயைக் கையில் பிடித்தபடி சிரித்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இருபது வருஷ சர்வீஸில் எனக்கு அடக்கம் போதாது என்று யாரும் சொன்னதில்லை. நேராக எங்கள் மேலதிகாரி மேடத்திடம் போய், வேண்டுமென்றே ஃபைலை முடக்குகிறார் என்று எழுதியே கொடுத்தேன். அன்று மதியமே பெடஸ்டலுக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. மாலையில் ஃபைல் நகர்ந்து, ஆர்டரும் போய்விட்டது. வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்குப் போனேன்.

சாமான் வந்து இறங்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், வேறு வேலையாக சால்ட் லேக்கில் ஒரு நண்பனின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எல்லா மேஜைகளுக்கும் முன்னால் பழைய காலண்டர்களை ஒட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்னடா இது, கண்காட்சியா?"

"அந்தக் கொடுமைய ஏன் கேக்கற? மேஜைக்கு முன்னாடி கால் மறைக்கிற பலகை ஒண்ணு வருமே, மாடஸ்டி பானல். எந்தப் புத்திசாலியோ அதை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டான். உட்கார்ந்தா லேடீஸ் காலெல்லாம் எதிர்ல போறவன் கண்ணுல படுது. மேஜையும் ஆடுது, அந்தப் பலகைதான் ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்குமாம். லேடீஸ் எல்லாரும் சேர்ந்து உட்கார மாட்டோம்னுட்டாங்க."

"அந்தப் புத்திசாலி?"

"தூக்கி எங்கேயோ அடிச்சுட்டாங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நாற்பத்திரண்டு மேஜை. பாதிப் பேர் பெண்கள். போதாததற்கு, சொல்ல வந்த மனிதர் மேலேயே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, "மாடஸ்டி இல்லாமப் போச்சு" என்றேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

காலையில் லாரி வந்தது. பெடஸ்டல் கையில் பட்டியலோடு நின்று, ஒவ்வொரு பார்சலையும் பெயர் சொல்லி இறக்கிக்கொண்டிருந்தார். நான் தூணோரமாக நின்றேன். வொர்க்டாப் வந்தது. பெடஸ்டல்கள் வந்தன. கடைசியாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய மெலிந்த பலகைகள்.

"மாடஸ்டி பானல், நாப்பத்திரண்டு!"

பக்கத்திலிருந்த பார்சல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த யானை இறங்கிப் போனது போல இருந்தது. மூச்சு நீளமாக வந்தது.

பிறகு ஃபைலை வரவழைத்துப் பார்த்தேன். மெமோவுக்கு அவர் எழுதிய பதில் நாலு வரிதான். 'மாடஸ்டி பானல் தட்டச்சில் விடுபட்டுவிட்டது. அதைச் சேர்த்துத் திருத்தவே தாமதமாயிற்று.' கீழே மேடத்தின் சம்மதக் கையெழுத்து. நான் கோடு போட்ட மாதிரிப் பட்டியல் அதே ஃபைலில், இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"தட்டச்சுல விடுபடலையே. நான்தானே அடிச்சேன். ஏன் அப்படி எழுதினீங்க?" என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

அவர் ஸ்குரூ டிரைவரைச் சட்டையில் துடைத்தார். "ஒங்க பேரை எழுதினா மேடம் ஒங்களைக் கூப்பிடுவாங்க. நீங்க போவீய, நாலு நாள் போகும். லாரி லேட்டாகும். விடுங்க சார்."

"உங்க மேல நான் புகார் குடுத்திருக்கேன்."

"படிச்சேன். அதுலயும் 'மேஜை'ன்னுதான் போட்டிருக்கீய."

அன்றைக்கே மேடத்திடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கினேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். மெமோ ரத்தானது.

மாலையில் பெடஸ்டல் வீட்டுக்குப் போக சாந்த்ராகாச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என் வீடு காளிகாட்டில், நேர் எதிர்த் திசை. அவர் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன். சாந்த்ராகாச்சி வரை பேசிக்கொண்டே போனோம்.