ஆறுக்கு அடுத்தது ஆறு ஏ

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உன் மகளும் சுகம். வேலைக்காகப் போன ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். சுகமில்லாதது ஒன்றே ஒன்று, உன் மகளின் கணக்கு. நான் சொல்லவில்லை, அவளுடைய டீச்சரம்மா சொல்கிறார். திங்கட்கிழமைப் பரீட்சையிலும் தேறாவிட்டால் 'மெதுவாகப் படிக்கிறவர்கள்' வகுப்புக்குத் தள்ளிவிடுவார்களாம்.

பிள்ளை எப்படித் தேறும்? இரண்டிரண்டாக எண்ணுவதற்குத் தரையில் கட்டம் போட்டுத் தாவச் சொல்கிறார்கள், மூன்று மூன்றாக எண்ணுவதற்குக் கை தட்டச் சொல்கிறார்கள், இது பாடமா கூத்தா என்று கேட்க நாதியில்லை, முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன் நான் இருக்கும்போது இவர்கள் யார் என்று தினமும் சாயங்காலம் அவளைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போய்க் கதவு நம்பர்களை வாசிக்க வைத்தேன். நம் வரிசை முழுக்க இரட்டைப்படை, எதிர்வரிசை ஒற்றைப்படை, இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். வெள்ளிக்கிழமை வைத்த பரீட்சையில் '2, 4, 6, அடுத்து வரும் இரண்டு எண்கள் என்ன?' என்று கேட்டதற்கு '6ஏ, 10' என்று எழுதியிருக்கிறாள். அந்த அம்மா சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டார்.

சும்மா விடுவேனா? நேரே போய், "எட்டாம் நம்பர் வீட்ட இடிச்சுப் பத்து வருஷமாச்சு, ஆறாம் நம்பர அண்ணனும் தம்பியும் நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க, இதுகூடத் தெரியாம என்னத்தச் சொல்லிக்குடுக்குறீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். முழங்கால் உயர நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "ஐயா, 1, 2, 4, 7, 11, அடுத்தது சொல்லுங்க" என்றார். அப்படி ஒரு தெரு எந்த ஊரிலும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த லட்சணத்தில் நடக்கிற பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றச் சம்மதம் என்று உடனே எழுதி அனுப்பு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள். பள்ளியை மாற்ற வேண்டாம், மேலே எழுதியதை மாப்பிள்ளைக்குக் காட்டவும் வேண்டாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படிடா கண்ணு போட்டாய் என்று கேட்டேன். "பரீட்சை எழுதுறப்ப உங்கள நெனைக்கவே இல்ல மாமா" என்றாள்.