ஜீப்புக்குள் நடந்த எம்.பி.ஏ. இன்டர்வியூ

இன்டர்வியூ என்றால் நம்மைப் பற்றி நாமே கூச்சமில்லாமல் நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். ஊர் உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. நான் மட்டும் எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி எனக்கு எதிராகவே வாதாடிவிட்டு வந்தேன். (பொருத்தமாக, அன்றைக்குப் போட்டிருந்ததும் வக்கீல் கோட்டுதான். அதுக்கு வர்றேன்.)

அப்போது நான் போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் வேலை பார்த்தேன். பில் போடுவது, பார்சல் அனுப்புவது, முதலாளி கோபமாக இருக்கும்போது வெளியூர்க்காரர்களிடம் போனில் பணிவாகப் பேசுவது, இதெல்லாம் என் சோலி. அப்பா ஜீப்பு ஓட்டுகிறார். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதினேன். தேறாவிட்டால் எழுதவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிற முன்யோசனை. ஆனால் சென்னையில் ஒரு கல்லூரி ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டது. மெயிலைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். என் பெயரிலேயே வேறு எவளோ நன்றாக எழுதியிருக்கிறாள், அவளுக்குப் போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்றே நம்பினேன். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக ஒரு வாரம் வருத்தப்படக்கூடச் செய்தேன்.

இருந்தாலும் யூடியூபில் ஒருவர் சொன்ன பதில்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். அதில் அவருடைய பொழுதுபோக்கான மலையேற்றமும் சேர்ந்தே வந்துவிட்டது. (எங்கள் தெருவில் எனக்கு மலையேறப் பிடிக்கும் என்று சொன்னால், எந்தத் தோட்டம், கூலி எவ்வளவு என்று கேட்பார்கள்.)

இன்டர்வியூ அன்றைக்கு ஊரில் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது.

"கரண்டு போனா டவரும் படுத்துரும் ஆத்தா. வெரசா கிளம்பு. மலை மேல போடிமெட்டுப் பக்கம் சிக்னல் கும்முன்னு கிடைக்கும். ஆளுகள ஏத்திக்கிட்டு வர்ற வழியில வளைவுல ஓரங்கட்டுறேன், நீ பேசிக்க."

உடை மரியாதையாக இருக்க வேண்டும் என்று மெயிலில் போட்டிருந்தது. எங்கள் சொந்தத்திலேயே கோட்டு வைத்திருந்தது வக்கீலுக்குப் படித்த பெரியப்பா மகன் மட்டும்தான். அதை வாங்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே இன்னொருத்திக்கும் இடம் இருந்தது.

மலையில் வேலை முடிந்த பெண்கள் பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தர் பாண்டியம்மா அத்தை, அப்பாவின் தங்கை. வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா அறிவித்தார்: "பிள்ளைக்குப் பரீட்சை நடக்கப்போகுது. ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

போன் திரையில் ஒரு சாரும் ஒரு மேடமும் தெரிந்தார்கள். மனப்பாடத்தை ஒப்பித்தேன். மலையேற்றம் வரைக்கும் வந்ததும் சார் ஆங்கிலத்தில், "எந்த மலையில் ஏறியிருக்கிறீர்கள்?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"இந்த மலையில்தான் சார். ஜீப்பில்" என்றேன்.

பின்னால் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுத்த கேள்விக்கு எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவர்கள் பக்கம் படம் போய்விட்டது. ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். நான் மைக்கை அணைத்தேன். (அணைத்ததாக நினைத்தேன். அவசரத்தில் விரல் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறது.)

"அப்பா, வண்டிய எடுங்க. போதும்."

"என்னாச்சு ஆத்தா?"

"ஆள் மாத்திக் கூப்புட்டுட்டாங்கப்பா. எனக்கு இங்கிலீசும் வரல, ஒரு மண்ணும் வரல. பரீட்சையில ஏதோ குருட்டாம்போக்குல மார்க்கு வந்துருச்சு. அங்க வர்ற பிள்ளைகல்லாம் பெரிய பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சதுக. என்னையச் சேத்தாலும் பாதியில திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் நம்ம ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்குறது?"

அதுவரை மூச்சைப் பிடித்திருந்த அத்தை விட்டுவிட்டார். "ஏண்டி, லாயக்கில்லன்னு அம்புட்டு உறுதியாத் தெரிஞ்சா எதுக்குடி பரீட்சை எழுதுன? எதுக்கு இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு மலையேறி வந்த?"

"சும்மாதான் அத்தை."

"சும்மா வர்றவ கோட்டு போடுவாளா?"

"அந்தக் கோட்டு நல்லாவே இல்ல. மொதல்ல அதக் கழட்டச் சொல்லு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

போனுக்குள் யாரோ இருமினார்கள். பிறகு சுத்தமான தமிழில் மேடத்தின் குரல் வந்தது: "அம்மா, உங்க மைக் ஆன்லதான் இருக்கு."

சீட்டுக்கு அடியில் ஜாக்கி வைக்கிற இடத்தில் நான் கொள்ளுவேனா என்று பார்த்தேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டையே பார்த்தார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல.

"உங்க அத்தை கேட்டது நல்ல கேள்வி" என்றார் மேடம். "நாங்களும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தோம். தமிழ்லயே சொல்லுங்க. சாருக்கு நான் சொல்லிக்கிறேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏலக்காய சின்னச் சின்ன பாக்கெட்டாப் போட்டு நேரா வீடுகளுக்கே அனுப்பலாம்னு எங்க முதலாளிகிட்டச் சொன்னேன் மேடம். சிரிச்சாரு. கொஞ்ச நாள் கழிச்சு மதுரையிலருந்து ஒருத்தர் வந்து அதையே சொன்னாரு. முதலாளி எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. அவருக்குக் காபி கொண்டு வந்து குடுத்தது நான்தான்."

"கோபம் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். காபில சீனி போடல."

மேடம் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "எனக்கும் யோசனை வருது மேடம். சொன்னா நாலு பேரு கேக்குற மாதிரி சொல்லத் தெரியல. அதக் கத்துக்கத்தான் பரீட்சை எழுதுனேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை. பாக்கெட் வழியில் உடைந்துபோனால் என்ன செய்வாய் என்று சார் கேட்டார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தடுக்கின இடத்தில் தமிழில் இறங்கி, மறுபடி ஆங்கிலத்தில் ஏறிப் பதில் சொன்னேன். இலக்கணம் பின்னால் நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டேன். போனை வைத்ததும் பின்னால் கைதட்டினார்கள். ஒருத்தர் மட்டும், "இப்பவாச்சும் மூச்சு விடலாமா அண்ணே?" என்று கேட்டார்.

முதலில் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். கல்லூரி திறக்கப்போகிற சமயத்தில் கூப்பிட்டார்கள். முதல் பருவம் முழுக்கக் கடைசி பெஞ்சுதான். பாதியில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. என் மீதான சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகும், ஒவ்வொரு மீட்டிங்குக்கு முன்னாலும் அது வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. உட்காரட்டும் என்று பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

பாண்டியம்மா அத்தை, சீட்டு வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்பா அதற்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமை மூணாறு போகிறவர்களுக்கு ஜீப்பு ஓட்டும்போது அந்த வளைவில் வேகத்தைக் குறைத்து, "எம்பொண்ணு எம்.பி.ஏ. படிச்சது இங்கதான்" என்பார். போன மாதம் ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தச் சொல்லி, கல்லூரி எங்கே இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"பனி மூடிருக்கு. விலகுனாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம் அப்பா.