அத்தான் காலில் நான் போட்ட பற்று

எந்த வலிக்கு எந்தப் பச்சிலை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அன்றைக்கு மட்டும் தெளிவாக இருப்பதுபோல் நடந்துகொண்டேன். வினை அதில்தான் வந்தது.

வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அவசரகாலம். ஈஜோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்வேலி. இருட்டினால் யாரும் வெளியே போக முடியாது. அக்காவுக்குக் கோலசிலாங்கூர் கோயிலில் காலை முகூர்த்தம். அதனால் மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே ராசா என்ற ஊரிலிருந்து வந்து எங்கள் லயத்தில் தங்கினார்கள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை லயத்துக் கால்வாயில் வழுக்கி விழுந்து காலைப் பிசகிக்கொண்டார்.

நான் தாதிப் பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்தேன். விடுவேனா?

"எப்படி வலிக்குது அத்தான்? குத்துதா, இழுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

"எல்லாந்தான் பிள்ளே."

"எல்லாம் இருக்க முடியாது. ஒன்னு சொல்லுங்க."

"அப்ப நீயே பார்த்து ஒன்னு வச்சுக்க லா."

குத்தினால் நொச்சி ஒத்தடம். இழுத்தால் எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்ட வேண்டும். விண்ணு விண்ணென்று தெறித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்று. எது என்று தெரியாததால் வரிசையாகப் போனேன். நொச்சிக்கு அலறினார். எருக்குக்கு முனகினார். பற்றை அப்பியதும் பேசாமல் இருந்தார். சரியான மருந்து இதுதான் என்று முடிவு செய்தேன். (களைத்துப் போய்விட்டாராம். பிறகு சொன்னார்.) அதன்மேல் ஆஸ்பத்திரி முறைப்படி வெள்ளைத் துணியால் அழகாக ஒரு கட்டு.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலை மாப்பிள்ளை அந்தக் கட்டோடு குளிப்பார், சிவப்பு முழுக்க வெளியே ஊறும் என்பது தோன்றவில்லை. முதல்நாள் காட்டோரம் சண்டை நடந்து, காலில் குண்டு பட்ட கம்யூனிஸ்ட் ஒருவன் தப்பிவிட்டான் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

கோயிலுக்குப் புறப்பட்ட எங்கள் கல்யாண லோரியை வேலிக் கேட்டில் நிறுத்தினார்கள். ஏறிப் பார்த்த மலாய்க் காவலர், "டாரா! டாரா!" என்று கத்தினார். இரத்தமாம். அடுத்த நிமிடம் பட்டுச் சட்டையும் மாலையுமாக அத்தான் கையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

வெள்ளைக்கார அதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டார். நான் பதறவில்லை. வலிகள் எத்தனை வகை என்று நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"வலி இருக்கட்டும். குண்டு எங்கே?" என்றார்.

கட்டைப் பிரித்தேன். உள்ளே இன்னும் மோசமாக இருந்தது. (தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காட்டியிருக்கலாம். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.)

"கல்யாணம் அப்புறம். இப்ப விசாரிக்கப் போகிறோம்" என்று அத்தானை ஜீப் பக்கம் தள்ளினார்கள். லோரியிலிருந்து அக்கா கத்தினாள்: "முகூர்த்தம் போகுது! அவரைப் பிடிச்சா என்னையும் சேர்த்துப் பிடிங்க!"

செய்தே காட்டிவிடலாம் என்று சீர்த்தட்டிலிருந்து மஞ்சள்தூளை அள்ளி, பக்கத்தில் வெள்ளையாக இருந்ததையும் எடுத்து, எச்சரிக்கையாக உள்ளங்கையில் குழைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. இன்னும் தேய்த்தேன். அப்போதும் மஞ்சள். அதிகாரியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"ஏ பிள்ளே, அது திருநீறு! எம் மவனைக் கொன்னுடாதே!" என்று மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து என் கையில் அப்பினார். தேய்த்தேன். உள்ளங்கை முழுக்க இரத்தம் கசிவதுபோல் சிவந்தது. அதிகாரி தன் கையிலும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லிப் பார்த்தார். மலாய்க் காவலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் வீட்டிலும் இதைத்தான் போடுவார்களாம். அதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் அதிகாரிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. காவலரையும் துப்பாக்கியோடு லோரியில் ஏற்றி அனுப்பினார். முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் தாலி ஏறியது. கல்யாணப் படத்தில் அக்காவுக்கும் அத்தானுக்கும் பின்னால் அந்தக் காவலர் துப்பாக்கியோடு விறைப்பாக நிற்கிறார். யாராவது விசாரித்தால், "மாப்பிள்ளைத் தோழர். பிள்ளையோட ஏற்பாடு" என்று என்னைக் கைகாட்டுவார் அத்தான்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் நொண்டிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"காலு வலிக்குதா அத்தான்?"

"எனக்கா? ஒன்னுமே இல்ல லா" என்று என் முன்னால் இரண்டு குதி குதித்துக் காட்டிவிட்டு, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முனகினார்.